சதை பொய் சொல்லாது

அவர் யாரையும் முதலில் முகத்தில் பார்க்கமாட்டார். காலைத்தான் பார்ப்பார். எங்கள் தோட்டத்துக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்து லாரியிலிருந்து சாமான் இறக்கினால், ஓரமாக நின்று ஒவ்வொருவருடைய கெண்டைக்காலையும் பார்த்துக்கொண்டிருப்பார். வாலிபனாக இருந்தால் பெயரைக் கேட்பதற்கு முன்பே குனிந்து, சந்தையில் ஆடு பிடிப்பவர் போல அந்தச் சதையை விரலால் அழுத்திப் பார்ப்பார்.

"மூஞ்சி பொய் சொல்லும். வாயப் பத்திச் சொல்லவே வேணாம். சதை மட்டும் பொய் சொல்லாது" என்பார்.

மலேசியாவில், மலாக்கா மாநிலத்து நியாலாஸ் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்தில் எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம். பள்ளிக்கூட வாத்தியார் அல்ல. பகலில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டுவார். சாயங்காலம் கோயில் திடலில் தோட்டத்துப் பையன்களுக்குக் கபடி பழக்குவார். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. நான் மலாக்காவில் தாதி வேலைக்குப் படித்து, அங்கேயே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தேன். லீவு கிடைக்கும்போதெல்லாம் தோட்டத்துக்கு வருவேன். தாதிகளை எங்கள் பக்கம் மிஸி என்பார்கள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவரான மாஸ்டரும் என்னை மிஸி என்றுதான் கூப்பிடுவார்.

அவர் குலை வெட்டுவதை நான் நின்று பார்த்திருக்கிறேன். நீளமான கம்பத்தின் நுனியில் கட்டிய அரிவாளை மட்டைக்கு மேலே கொண்டுபோய்க் கொக்கியாக மாட்டி ஒரே இழுப்பு இழுப்பார். அப்போது தோளிலிருந்து இடுப்புவரை முதுகுச் சதைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து அடங்கும். தசை என்பது ஒரே கட்டி அல்ல, நாருக்குள் நாராகக் கட்டிய கற்றை என்றும், உள்ளே இருக்கும் நுண்ணிய இழைகள் ஒன்றோடொன்று வழுக்கி நுழையும்போதுதான் அது சுருங்குகிறது என்றும் படிப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது என்பதையும் அங்கேதான் படித்தேன். பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துபோன அதெல்லாம் அவர் முதுகைப் பார்க்கும்போது ஞாபகத்துக்கு வரும். அழகாக இருக்கும். ஆனால் அந்த அழகைப் பார்க்கும்போது எனக்கு ஏனோ ஒரு கலக்கமும் சேர்ந்தே வரும்.

அந்தக் கலக்கத்துக்குக் காரணம் ஜாசின் ஊரில் நடந்த ஒரு கபடிப் போட்டி. கடைசி ஆட்டம், புள்ளிகள் சமமாக இருந்தன. பாடிப் போய்த் திரும்பிய எங்கள் பையன் ஒருவன் தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்குள் உட்கார்ந்துவிட்டான். முகம் வெளிறிப்போயிருந்தது. மாஸ்டர் கத்தவில்லை. மெதுவாகப் போய் அவன் பக்கத்தில் மண்டியிட்டு, அவன் கை இருந்த இடத்தில் தன் கையை வைத்தார்.

"முடியல மாஸ்டர்."

"இது வலி இல்லடா. பயம். சதை நல்லா இருக்கு, நான் தொட்டுப் பாத்துட்டேன். எந்திரி."

அவன் எழுந்தான். இன்னொரு முறை பாடிப் போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தான். கோப்பை எங்களுக்குக் கிடைத்தது. ஆனால் அன்றைக்கு அறுந்த தசை பிறகு ஒழுங்காகச் சேரவே இல்லை. அந்தப் பையன் அதற்கப்புறம் ஓடி நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது அது மட்டும் அல்ல. அடுத்த தைப்பூசத்தில் அவன் காலை இழுத்து இழுத்து நடந்துவந்து, "மாஸ்டர் கை வெச்சதாலதான்கா ஜெயிச்சோம்" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். அவனுக்கு அவர்மேல் ஒரு சொட்டுக் கோபமும் இல்லை. அதன்பிறகு திடலில் 'முடியல' என்ற சொல்லை யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

அவருக்கு இரண்டு மகன்கள். முதலில் பெரியவனைப் பற்றி. சின்னவன் அப்போது கைக்குழந்தை.

பெரியவன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் விளையாட்டுப் போட்டிக்கு நானும் போயிருந்தேன். ஓட்டப் பந்தயத்தில் அவன் கடைசியாக வந்துகொண்டிருந்தான். வயிற்றை முன்னால் தள்ளி, குதிகால் தரையில் படாமல், நுனிக்காலில் ஓடினான். பாதி வழியில் விழுந்தான். விழுந்ததில் ஒன்றும் இல்லை, எந்தப் பிள்ளையும் விழும். அவன் எழுந்த விதம்தான் வேறாக இருந்தது. முதலில் குப்புறத் திரும்பிக் கையையும் முழங்காலையும் ஊன்றினான். பிட்டத்தை உயர்த்தினான். பிறகு ஒரு கையை முழங்காலில் வைத்தான், அடுத்த கையைத் தொடையில் வைத்தான், மறுபடி அதற்கு மேலே. தன் உடம்பின்மேல் தானே ஏறுகிற மாதிரி ஏறி நிமிர்ந்து நின்றான்.

"கெழவன் மாதிரி எந்திரிக்கிறான் பாரு" என்று பின்னால் யாரோ சிரித்தார்கள்.

எங்கள் தாதிப் படிப்பின் பாடப் புத்தகத்தில், தசை நோய் ஒன்றைப் பற்றிய பக்கத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள் இருக்கும். ஒரு பையன் தரையிலிருந்து எழுந்திருக்கும் படங்கள். அந்தப் பக்கத்தைத்தான் இப்போது கண்முன்னால் பார்த்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே மாஸ்டரிடம் போனேன்.

"மாஸ்டர், பையன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. டாக்டர் ஒருக்கா பாக்கட்டும்."

"எதுக்கு மிஸி?"

"அவன் எந்திரிக்கிற விதம் எனக்குச் சரியாப் படல."

அவர் சிரித்தார். "விழுந்துட்டான், வெக்கம். அவ்வளவுதான்லா. டேய், இங்க வா. மிஸிக்குக் காலக் காட்டு."

பையன் ஓடிவந்து, பழக்கப்பட்டவன் போலத் திரும்பி நின்று காலைக் காட்டினான். உடம்பு மெலிந்த பிள்ளை. கெண்டைக்கால் மட்டும் பெரிய ஆளுடையதுபோல உருண்டு திரண்டிருந்தது.

"தொட்டுப் பாருங்க. கல்லு! என்கிட்ட ஆடுறவனுங்களுக்கே இந்தக் கெண்டை இல்ல."

தொட்டுப் பார்த்தேன். சதையை அழுத்தினால் உள்ளே ஒரு நெகிழ்வு இருக்கும், ஒரு பதில் இருக்கும். இதில் அது இல்லை. புகைக்கூண்டில் காய்ந்த ரப்பர் ஷீட்டை அழுத்துவதுபோல இருந்தது.

"அதனாலதான் மாஸ்டர் சொல்றேன். இந்த வயசுல இவ்வளவு பெருசா இருக்கக் கூடாது."

அவர் முகம் மாறியது. "மத்தவங்க புள்ளைக்கு இருந்தா பலம்பாங்க. என் புள்ளைக்கு இருந்தா நோயா?" என்றார். பிறகு குரலைத் தணித்து, "முட்டி மடக்கிப் பழக்கம் பத்தல. நான் பாத்துக்குறேன்" என்றார்.

அவர் பார்த்துக்கொண்டார். அதுதான் அந்த வருடத்தின் பயங்கரம். ஒவ்வொரு முறை நான் லீவில் வந்தபோதும், சாயங்கால வெயிலில் செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் ரோட்டில் அப்பாவும் மகனும் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அவர் பின்னோக்கி ஓடுவார், பையனைப் பார்த்துக்கொண்டே, இரண்டு கைகளையும் நீட்டி வா வா என்றபடி. பையன் சிரித்துக்கொண்டே நுனிக்காலில் வருவான். வீட்டுக்கு வந்தால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழ வேண்டும். முதலில் ஒரு கையால் பிடித்தவன் பிறகு இரண்டு கையாலும் பிடித்தான். அப்புறம் கம்பியில் தொங்கினான். கெண்டைக்கால் மட்டும் இன்னும் பெருத்தது. அதைப் பார்த்துப் பார்த்து மாஸ்டருக்கு நம்பிக்கையும் பெருத்தது.

நான் மறுபடியும் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

கடைசியில் வந்தது அவர் மனைவிதான். சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் பின்வாசலில் நின்றார்.

"மிஸி, நேத்து பஸ்ஸுல ஏற முடியல அவனால. நான்தான் தூக்கி ஏத்துனேன். அவரு கிட்ட சொல்லல."

"அக்கா, அவரு வரலன்னா பரவால்ல. நீங்க கூட்டிட்டு வாங்க."

"வருவாரு. நான் வர வெக்கிறேன்" என்றார். எப்படி வரவைத்தாரோ, அது எனக்குத் தெரியாது. ஆனால் மாஸ்டர் பையனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

இரத்தம் எடுத்தார்கள். பிறகு கோலாலம்பூருக்கு அனுப்பி, பையனின் தொடையிலிருந்து ஒரு சின்னத் துணுக்குத் தசையை வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். முடிவு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று நானும் அந்த அறையில் இருந்தேன். டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. மலாயில் பேசினார், மிகவும் நிதானமாக. மேசையில் கிடந்த தாளில் ஒரு வட்டத்துக்குள் நிறையச் சின்ன வட்டங்களை வரைந்தார்.

ஒவ்வொரு தசைநாரையும் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. தசை சுருங்கும்போது அந்த உறை கிழியாமல் பிடித்துக்கொள்ள உடம்பு ஒரு பொருளைச் செய்கிறது. இந்தப் பிள்ளையின் உடம்புக்கு அதைச் செய்யத் தெரியவில்லை. அதனால் அவன் வைக்கிற ஒவ்வொரு அடியிலும் உள்ளே கொஞ்சம் கிழிகிறது. சின்ன வயதில் உடம்பு அதை ஒட்டுப்போட்டுக்கொள்ளும். போகப்போக ஒட்டுப்போட முடியாமல் அந்த இடத்தைக் கொழுப்பையும் வெறும் நாரையும் வைத்து அடைத்துவிடும். இதைத்தான் டாக்டர் சொன்னார்.

மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு மலாயிலேயே கேட்டார். "ஆனா அவன் காலு எவ்வளவு பெருசா இருக்கு, பாத்தீங்களா டாக்டர்?"

"பார்த்தேன். அது சதை இல்லை. சதை போன இடத்தில் வந்து அடைத்துக்கொண்டது."

மாஸ்டர் தன் வலது கையைத் திருப்பி விரல்களைப் பார்த்தார்.

"நான் தெனமும் ஓட வெச்சேன்."

"அதனால் இந்த நோய் வரவில்லை. அது அவன் பிறக்கும்போதே இருந்தது" என்றார் டாக்டர். கொஞ்சம் பொறுத்து, "ஆனால் இனி வேண்டாம்" என்றார்.

மாஸ்டர் தலையாட்டினார். இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன், டாக்டரும் நினைத்திருப்பார். மாஸ்டர் எழுந்திருக்கவில்லை.

"நெஞ்சுக்குள்ள துடிக்குதே, அதுவும் சதைதானே டாக்டர்?"

அன்றைக்கே அதைச் சொல்ல வேண்டும் என்று டாக்டர் நினைத்திருக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். "ஆமாம்."

"மூச்சு?"

"மூச்சை இழுப்பதும் தசைதான்."

"சரி" என்றார் மாஸ்டர், தோற்றுப்போன ஆட்டத்தின் புள்ளியைக் கேட்டுக்கொள்கிறவர் மாதிரி.

இது பெரும்பாலும் தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருவது, சின்னவனையும் ஒரு முறை சோதித்துவிடுவது நல்லது என்று டாக்டர் சொன்னபோது அவர் மனைவி தரையைப் பார்த்தார். வெளியே வந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டு, "எங்கண்ணன் ஒருத்தரு இப்பிடித்தான் படுத்த படுக்கையாக் கெடந்து செத்தாரு. காய்ச்சல்னு சொன்னாங்க" என்றார். அழவில்லை. அடி விழும் என்று காத்திருக்கிறவரைப் போல நின்றார்.

"அத இனி யாருகிட்டயும் சொல்லாத. எங்கம்மா கிட்டகூட சொல்லாத" என்றார் மாஸ்டர். பிறகு என் பக்கம் திரும்பி, "சின்னவனுக்குச் சோதனை வேணாம் மிஸி" என்றார்.

நடக்க முடிந்த பிள்ளையை அவர் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனார்.

அதன்பிறகு கபடி நின்றுபோனது. பையன்கள் வீட்டுக்கு வந்து கூப்பிட்டார்கள். "முடியாதுடா" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்ட பையன்கள் என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முற்றத்திலேயே நின்றுவிட்டுப் போனார்கள். யாருடைய காலையும் அவர் இப்போது பார்ப்பதில்லை. பேசும்போது நேராக முகத்தைப் பார்த்தார். இமைக்காமல் பார்த்தார். அந்தப் பார்வைக்கு எதிரே நிற்பது பழையதைவிடச் சிரமமாக இருந்தது.

சில வருடங்களில் தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் மலாக்கா டவுனுக்குப் பக்கத்தில் பத்து பெரண்டாம் என்ற இடத்தில் ஒரு மலிவு விலை வீட்டுக்குக் குடிபோனார்கள். பெரியவன் நடப்பதை நிறுத்திச் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டிருந்தான். அங்கே வாசலில் படி கிடையாது. மனைவி எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் சேர்ந்தார். மாஸ்டர் இன்னொரு ஃபேக்டரியில் ஜாகா வேலை பார்த்தார், வாசலில் உட்கார்ந்திருக்கும் காவல் வேலை. நான் தங்கியிருந்த இடத்துக்கு அது பக்கம் என்பதால் அடிக்கடி போய்வருவேன். அவருக்கு என்மேல் இருந்த கோபமெல்லாம் ஆஸ்பத்திரி அறையிலேயே போய்விட்டது.

போகும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்தேன். சின்னவனுக்கு எப்போதும் நீளக் கால்சட்டை. மலாக்கா வெயிலில் தாமான் குடியிருப்பின் பிள்ளைகள் எல்லாம் அரைக்கால்சட்டையில் திரியும்போது இவன் மட்டும் கணுக்கால்வரை மூடியிருப்பான். குளிப்பாட்டுவது, துடைப்பது, உடுத்துவது எல்லாம் மாஸ்டர்தான். வேறு யாரையும் விடமாட்டார்.

"புழுக்கமா இருக்காதா மாஸ்டர்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கொசு கடிக்குது மிஸி" என்றார், என் முகத்தையே பார்த்துக்கொண்டு.

சின்னவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பிப்பதற்கு முன்பு, ஃபேக்டரி லீவு நாளொன்றில், அவர் மனைவி அவனை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மாஸ்டரிடம் சொல்லவில்லை என்றார். இரத்தம் எடுத்தோம். முடிவு வந்த அன்று, சின்னவனுக்கும் அதே நோய் என்ற அந்தத் தாளை அவரிடம் காட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை, என் முகத்திலேயே படித்துவிட்டார். கேண்டீன் நாற்காலியில் என் எதிரே உட்கார்ந்து, டீயைக் குடிக்காமல் ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"அவரு கிட்ட நான் எப்பிடிச் சொல்லுவேன்? பெரியவனுக்கே உசிர விட்டுட்டாரு."

இரண்டு நாள் கழித்து மாஸ்டர் தானே என்னைத் தேடி வந்தார். வார்டு வாசலில், ஜாகா யூனிபார்மில் நின்றார்.

"அவ சொன்னா" என்றார்.

"இன்னும் சின்னப் புள்ளதானே மாஸ்டர், இப்பயே நாம..."

"மிஸி, நான் குளிப்பாட்டுறவன். எனக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சோப்புப் போடும்போது அவர் விரல் அந்தக் கெண்டையைத் தொட்டிருக்கிறது. எந்தத் தோட்டத்து வாலிபனின் காலையும் தொட்ட மாத்திரத்தில் கணக்குச் சொன்ன அதே விரல். அன்றைக்கே கடைக்குப் போய் நீளக் கால்சட்டைகள் வாங்கி வந்திருக்கிறார். மனைவியிடமும் சொல்லாமல், சோதனையும் செய்யாமல், துணியைப் போட்டு மூடி அதைத் தான் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்.

"எத்தன நாள் நடப்பான்?"

"அண்ணன் மாதிரிதான் மாஸ்டர். பத்து வயசு, கூடக்கொறைய."

அவர் வாசலைப் பார்த்தார். "பெரியவனுக்கு இது தெரிய வேணாம். தனக்கு வந்ததுக்கு அவன் சிரிச்சிக்கிட்டே இருந்துட்டான். தம்பிக்கும்னு தெரிஞ்சா தாங்க மாட்டான். நீங்க வாய் தவறிக்கூட சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்."

பிறகு நடந்ததெல்லாம் டாக்டர் முதல் நாளே சொன்ன வழியில்தான் நடந்தது. பெரியவன் இருபது வயதைப் பார்க்கவில்லை. முதலில் மூச்சு களைத்தது, பிறகு இதயம். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவனைத் திருப்பிப் படுக்கவைக்கவும் நிமிர்த்தவும் எந்தத் தாதியையும் மாஸ்டர் விடவில்லை. குலை வெட்டிய அந்த முதுகு அப்போதும் தளராமல்தான் இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

அவரை நினைக்கும்போது எனக்கு ஞாபகம் வருவது அந்தக் கட்டில் அல்ல. அதற்குச் சில வருடங்கள் முந்திய, உம்பாய்க் கடற்கரையில் கழிந்த ஒரு சாயங்காலம்.

சின்னவனின் சோதனை முடிவு வந்த சில வாரங்களில், மாஸ்டர் யாரிடமோ வேனை இரவல் வாங்கி எல்லாரையும் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். என்னையும் கூப்பிட்டார். சுட்ட மீன் கடை ஒன்றில் கடலோரமாக உட்கார்ந்தோம். பெரியவனுக்கு அப்போது பதின்மூன்று வயது இருக்கும். அவன் நாற்காலியை மேசையோடு ஒட்டிப் போட்டோம். அவன் அம்மா மீன் சொல்லப் போனார். அலை உள்வாங்கியிருந்தது, கரையில் சேறும் மணலும் கலந்து நீளமாகக் கிடந்தது.

"கடல்ல நடக்கலாமா?" என்று மாஸ்டர் சின்னவனைக் கேட்டார். அவன் குதித்தான். மாஸ்டர் அவன் முன்னால் உட்கார்ந்து கால்சட்டையை மெதுவாக மடித்தார், முழங்கால்வரை. அந்தக் கால்களை வெளிச்சத்தில் நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். உருண்டு திரண்டு, அழகாக இருந்தன.

இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு மணலில் இறங்கிப் போனார்கள். மாஸ்டர் முன்னால் போகவில்லை, இழுக்கவும் இல்லை. பிள்ளை நின்றால் அவரும் நின்றார். சின்னவன் நண்டு வளைகளைப் பார்த்துக் கத்திக்கொண்டே, குதிகால் படாமல் நடந்தான். ஈர மணலில் அவனுடைய விரல்கள் மட்டும் பதிந்த தடங்கள் வரிசையாகப் போயின.

பெரியவன் வெகுநேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா இன்னும் அடுப்புப் பக்கம்தான் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தான். பிறகு மேசையின்மேல் கிடந்த என் கையை, அவனால் முடிந்த அளவுக்கு, இரண்டு விரலால் தொட்டான்.

"அக்கா."

"என்னாப்பா?"

"தம்பிக்கும் இருக்கு."

நான் அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டேன்.

"ரொம்ப நாளா எனக்குத் தெரியும்கா. தரையில ஒக்காந்து விளையாடிட்டு எந்திரிக்கும்போது பாத்தேன். தொடையப் புடிச்சிட்டுத்தான் எந்திரிக்கிறான். எங்கூட வீட்டுல அவன் மட்டும்தானே இருக்கான், வேற யாரு பாப்பா?"

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான்.

"அப்பாவுக்குத் தெரிய வேணாம்கா. நீங்க ஆஸ்பத்திரில இருக்கீங்க, உங்களுக்கு எப்பிடியும் தெரிஞ்சிரும். ஆனா சொல்லிராதீங்க. என்னைய ஓட வெச்சத நெனச்சே இன்னும் அழுவுறாரு. இதத் தாங்க மாட்டாரு."

"சரிப்பா" என்றேன்.

தண்ணீரின் ஓரத்தில் சின்னவன் திடீரென்று நின்று எதையோ சொன்னான். அது எங்களுக்குக் கேட்கவில்லை. மாஸ்டர் அந்தக் கணமே குனிந்து அவனைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு எங்களை நோக்கி நடந்து வந்தார். பக்கத்தில் வந்ததும் என்னையும் பெரியவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னா, ரெண்டு பேரும் ரகசியம் பேசிக்கிறீங்க?"

பெரியவன் சிரித்தான்.

"ஒன்னும் இல்லப்பா. மீனு இன்னும் வரலயேன்னு பேசிக்கிட்டு இருக்கோம்" என்றான்.